குப்பை களையக் காலம் எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

முன்னுரை

“வீட்டுக் குப்பையை வெளியே கொட்டுவதற்குமா நாளும் கிழமையும் பார்க்க வேண்டும்?” என்று இக்கட்டுரையின் தலைப்பைக் கண்டு நண்பர்கள் நகைக்கக்கூடும். விதைக்கப் பருவம் உண்டு; களையெடுக்கவும் பருவம் உண்டு. பயிர் முற்றிய பிறகு வயலில் இறங்கிக் களையெடுப்பவன் களையோடு பயிரையும் மிதிக்கிறான். வயலுக்கு உள்ள இந்த நியதி வீட்டுக்கும் உண்டு என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. காலம் தவறிக் குப்பை களைந்ததால் எங்கள் குடும்பம் இருமுறை பட்ட துன்பத்தில் கற்றுக்கொண்டேன். விலங்கியல் வகுப்பில் படித்த பாடம் அதன் காரணத்தை விளக்கியது. அவ்விரண்டையும் சேர்த்து இங்கே எழுத முற்படுகிறேன்.

போகி ஏன் மார்கழிக் கடைசியில் வந்தது?

தமிழ்நாட்டில் வீட்டைத் துப்புரவு செய்யும் நாள் எதுவென்று கேட்டால் சிறு குழந்தையும் போகி என்று சொல்லும். மார்கழியின் கடைசி நாள், அதாவது ஜனவரி 13 அல்லது 14, போகி. வெள்ளையடித்து, பழம்பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் கிழிந்த முறத்தையும் வைகறையில் தெருவில் இட்டுக் கொளுத்துவோம். சிறுவர் போகிக் கொட்டு அடிப்பர். மறுநாள் தைத் திங்கள் பிறக்கும்.

இந்த நாளை நம் முன்னோர் தேர்ந்தெடுத்ததில் பொருள் உண்டு. நம் மாநிலத்திற்கு ஆண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக் காற்றால் கிடைக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். மண்சுவர் ஊறும், கூரை ஒழுகும், பாய் பூசணம் பூக்கும். மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்து வெயில் வரும். அறுவடையும் தொடங்கும். புதுநெல்லை வைக்க இடம் வேண்டும், நனைந்து கெட்டதை எறிந்தாக வேண்டும். ஆகவே அந்த நாள் பொருத்தமான நாளே.

வட இந்தியாவைப் பாருங்கள். அங்கே மழை தென்மேற்குப் பருவக் காற்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்து முடிகிறது. அங்குள்ளோர் வீட்டை ஒழித்து வெள்ளையடிப்பது தீபாவளிக்கு முன். நாமோ தீபாவளியன்று பெரும்பாலும் மழையில் நனைகிறோம், வீட்டைப் போகிக்கு ஒழிக்கிறோம். அவரவர் மழை ஓய்ந்த பின் அவரவர் துப்புரவு! பாரசீகத்தார் மார்ச்சு மாதத்தில் வரும் நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன்பும், ஜப்பானியர் டிசம்பர் இறுதியிலும் வீடு முழுவதையும் துப்புரவு செய்வர். ஊருக்கு ஊர் பருவம் வேறு. பருவம் பார்ப்பது மட்டும் எங்கும் ஒன்றே.

பழைய சொற்கள் வழக்கொழிவதும் புதிய சொற்கள் வந்து சேர்வதும் காலத்தால் நேர்வன, அவை குற்றமாகா என்று பவணந்தி முனிவர் நன்னூலில் இலக்கணம் கூறினார். சொல்லுக்குக் கூறிய அந்த விதியை நாம் போகிக்கு எடுத்துக்கொண்டோம். ஆனால் அதிலுள்ள ‘காலம்’ என்னும் சொல்லை விட்டுவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பாயும் துடைப்பமும் முறமும் மட்டுமே குப்பையாக இருந்த காலத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. டயரும் பிளாஸ்டிக்கும் சான்றிதழும் வீட்டுக்குள் வந்துவிட்ட இந்நாளில் அது போதுமா?

டயரும் காய்ச்சலும்

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்தில் ஒரு சிற்றூர். என் தந்தையார் சாலையோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்புறம்தான் வீடு. கழித்துப்போட்ட லாரி டயர்களையும் இருசக்கர வண்டி டயர்களையும் அப்பா வெளியே எறிவதில்லை. கிணற்றடியில் அடுக்கி வைப்பார். போகிக்கு முந்தைய நாள் தெருப் பிள்ளைகள் எல்லாரும், “மாமா, எனக்கு ஒரு டயர்” என்று வந்து நிற்பார்கள். எவரிடமும் காசு வாங்காமல் கொடுப்பார். ஆண்டில் அந்த ஒரு நாள் அப்பாதான் தெருவுக்குப் பெரிய மனிதர். எனக்கும் அதில் பெருமை.

நான் முதலாம் ஆண்டு படித்தபோது, கார்த்திகை மாதத்தில், ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாள். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. “பாப்பாவுக்குச் சரியாகிவிட்டது” என்று அப்பா கடையைத் திறந்தார். அன்று மாலையே அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். டெங்கு என்றார்கள். இரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்று மருத்துவர் கூறினார். இக்காய்ச்சலில் சூடு தணியும் வேளையே அபாயம் மிகுந்த வேளை என்பதை அன்றுதான் அறிந்தோம். ஆறு நாட்கள் அம்மா அவள் கட்டிலின் கீழே தரையில் படுத்திருந்தார். தெய்வத்தின் அருளாலும் மருத்துவர்களின் கவனத்தாலும் தங்கை பிழைத்தாள்.

அந்த வாரத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண்மணி எங்கள் வீட்டுக்கு வந்தார். குடங்களைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பின்பு கிணற்றடிக்குச் சென்று, ஒரு லாரி டயருக்குள் கரண்டியை விட்டுத் தண்ணீரை முகந்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

“அண்ணே, இதப் பாருங்க” என்றார்.

கிண்ணத்தில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. எண்ண முடியாத அளவுக்கு இருந்தன.

அப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது போகிக்கு வெச்சிருந்ததும்மா” என்று மட்டும் சொன்னார்.

போகியன்று எரிப்பதற்கென்று புரட்டாசியிலிருந்து சேர்த்த குப்பை, போகிக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் வீட்டில் தீ மூட்டிவிட்டது. குப்பை களைவதில் எங்களுக்குச் சோம்பல் இல்லை. காலத்தைத்தான் தவறாகத் தேர்ந்தோம்.

கொசுவின் பஞ்சாங்கம்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசுவைப் பற்றி வகுப்பில் படித்ததைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கருநிற உடலில் வெண்புள்ளிகளும் காலில் வெண்பட்டைகளும் உடையது. பகலில் கடிக்கும். பெண் கொசு மட்டுமே இரத்தம் குடிக்கும். இது சாக்கடையை நாடுவதில்லை. டயர், தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பானை, பூந்தொட்டித் தட்டு, பயன்படாத ஆட்டுக்கல் போன்றவற்றில் தேங்கும் தெளிந்த நீரையே விரும்பும்.

இதன் முட்டையிடும் முறைதான் நாம் கூர்ந்து அறிய வேண்டியது. முட்டைகளை நீரின்மேல் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் சாவதில்லை. பல மாதங்கள் உலர்ந்தே கிடக்கும். மறுபடி மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்து முட்டையைத் தொட்டவுடன் புழு வெளிவரும். புழுப் பருவம், கூட்டுப்புழுப் பருவம் கடந்து 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிப் பறக்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. முதலாவது, சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் சிரட்டை பார்வைக்குத்தான் வெறும் சிரட்டை. சென்ற ஆண்டின் முட்டைகள் அதில் ஐப்பசி மழைக்காகக் காத்திருக்கலாம். ஆகவே நீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இரண்டாவது, மழைக்குப் பின் களைவது பயனற்றது. ஐப்பசி முதல் நாளிலிருந்து போகி வரை ஏறத்தாழ 88 நாட்கள். முட்டை கொசுவாகி, அக்கொசு மீண்டும் முட்டையிட 15 நாள் என்று கணக்கிட்டாலும், அதற்குள் ஐந்து தலைமுறைகள் தோன்றிவிடும். ஒரு பெண் கொசு ஒருமுறைக்கு ஏறத்தாழ நூறு முட்டை இடும் என்பதையும் சேர்த்து நண்பர்களே பெருக்கிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் கொடியது டயர்தான். எப்படி வைத்தாலும் அதன் குழிவில் நீர் நிற்கும். கருநிறமும் நிழலும் கொசுவுக்கு இதமானவை. கவிழ்த்தாலும் நீர் முழுதும் வடியாது. ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த மற்றொரு கொசுவான அல்போபிக்டஸ், 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிலைகொண்டுவிட்டது கண்டறியப்பட்டது. ஆசியாவிலிருந்து கப்பலில் சென்ற பழைய டயர்களே அதற்கு வாகனம் என்று ஆய்வாளர் கண்டனர். கடலையே கடக்க உதவிய டயர், கிணற்றடியிலிருந்து திண்ணைக்கு வர உதவாதா?

நம் மாநிலத்தில் 2012-ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பகுதியிலும், 2017-ஆம் ஆண்டில் பல மாவட்டங்களிலும் டெங்கு பரவி உயிர்களைக் கவர்ந்ததைப் பெரியோர் அறிவர். இக்கொசு நெடுந்தொலைவு பறப்பதும் இல்லை. நம் வீட்டில் பிறந்தது நம் தெருவையே கடிக்கும்.

பனியும் புகையும்

“சரி, கொசு ஒருபுறம் இருக்கட்டும். மழைக்குப் பின் எரித்தாலும் குப்பை ஒழிகிறதே?” என்று கேட்கலாம். எரிப்பதற்கு மார்கழி வைகறையைவிடத் தகாத வேளை ஆண்டில் வேறில்லை. அதற்குப் பௌதிகம் காரணம்.

பொதுவாகத் தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பம் குறையும்; கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ். ஆகவே தரையருகில் உள்ள சூடான காற்று புகையைத் தூக்கிக்கொண்டு மேலேறும். மார்கழியிலோ இரவு நீண்டது, வானம் தெளிந்தது. தரை தன் வெப்பத்தை விரைவாக இழந்து குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்கிறது. மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த காற்று என்று முறை தலைகீழாகிறது. கனத்த குளிர்காற்று மேலே எழாது. அதில் கலந்த புகையும் பானைக்கு மூடி போட்டாற்போலத் தரையிலேயே தங்கும். விடிந்து வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். நாமோ விடிவதற்கு முன் கொளுத்துகிறோம்!

1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை இவ்வாறே நிலக்கரிப் புகையும் பனியும் மூடின. ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அக்காலத்திலேயே கணக்கிட்டனர். நம் சென்னையிலும் 2018-ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் கலந்து ஓடுபாதை தெரியாமல் விமானப் போக்குவரத்து தடைப்பட்டது.

பழம்பாயின் புகையும் டயரின் புகையும் ஒன்றல்ல. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். டயரை எரிக்கும்போது அந்தக் கந்தகம் கந்தக டை ஆக்ஸைடாக வெளிவருகிறது. பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்ஸின் என்னும் நச்சும் உண்டாகின்றன. கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இதை மூச்சில் இழுக்கின்றனர். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டிக் கேட்டுக்கொள்வது இதனால்தான். அது பண்டிகைக்கு எதிரான பேச்சு அன்று.

காகிதத்துக்கும் காலம் உண்டு

இனி இரண்டாவது துன்பம். இது நான் செய்த பிழை.

நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு போகி. அம்மா வைகறையில் டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தார். செல்லரித்த காகிதக் கட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, “இதெல்லாம் வேணுமான்னு பாருடா தம்பி” என்றார். தெருவில் தீ எரிந்துகொண்டிருந்தது. நண்பர்கள் கூப்பிட்டார்கள். கட்டைப் பிரிக்காமலே கொண்டுபோய்த் தீயில் போட்டேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். வீட்டில் எதையும் படித்துப் பார்க்கக் கூடியவன் நான் ஒருவனே. அதனால்தான் அம்மா என்னிடம் கொடுத்தார். நான் படிக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, சாதிச் சான்றிதழுக்காக அப்பாவின் ஆவணம் ஏதேனும் ஒன்று கேட்டார்கள். அப்பா ஐந்தாம் வகுப்பு முடித்தபோது பெற்ற மாற்றுச் சான்றிதழ் இருந்தது என்றார். பெட்டியைத் தேடினோம். அது எந்தக் கட்டில் இருந்தது என்பது எனக்கு மட்டும் உடனே விளங்கிற்று. அப்பா படித்த பள்ளிக்கு அலைந்து, பழைய சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து நகல் பெற மூன்று வாரங்கள் ஆயின. நான்கு நாட்கள் கடை மூடிக் கிடந்தது. முதற் கலந்தாய்வு கைநழுவியது. இரண்டாவது கலந்தாய்வில் நான் விரும்பிய வேதியியல் இல்லை; விலங்கியல் இருந்தது. அப்பா என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. “சீட்டு கெடச்சுதே, அதுவே போதும் தம்பி” என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாயில் ஒரு காகிதக் கட்டால் அடைபட இருந்தது.

கிடைத்த விலங்கியலை இன்று நான் விரும்பியே படிக்கிறேன் என்பது வேறு செய்தி.

காலமறியாது கழித்தலால் தமிழ்நாடே இழந்தது மிகுதி. ஆடிப்பெருக்கில் ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கத்தையும், கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகள் நெருப்புக்கு இரையானதையும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் ‘என் சரித்திரம்’ என்னும் நூலில் வருத்தத்தோடு குறித்துள்ளார். அச்செயலைச் செய்தோர் தீயவர் அல்லர். சடங்குக்குரிய நாளின் அவசரத்தில் படித்துப் பார்க்க யாரும் அமரவில்லை.

காகிதத்தை ஒழிக்கப் போகியின் இருட்டும் பரபரப்பும் ஏற்றவையல்ல. சித்திரையும் வைகாசியுமே ஏற்ற காலம். மழையில்லை, வெளிச்சம் மிகுதி. பிள்ளைகளுக்கு விடுமுறை. சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் காலத்துக்குச் சற்று முன்பாகவே எது உண்டு, எது இல்லை என்று தெரிந்துவிடும். இராமபாணப் பூச்சியும் கறையானும் தொட்டிருந்தால் அப்போதே கண்டுகொள்ளலாம். காகிதங்களை நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். நேர்வெயிலில் மை மங்கும்.

மூன்று துப்புரவுகள்

மேற்கூறியவற்றால் ஆண்டுக்கு ஒன்றன்று, மூன்று துப்புரவுகள் வேண்டும் என்பது என் முடிவு.

1. சித்திரை, வைகாசி: காகிதமும் பெட்டியும். பத்திரம், பட்டா, சான்றிதழ், மருத்துவச் சீட்டு, வரி ரசீது ஆகியவற்றைத் தனித்தனி உறையில் இட்டு, உறையின்மேல் பெயர் எழுத வேண்டும். எழுத்தறிந்த ஒருவர் படித்துப் பார்க்காமல் எந்தக் காகிதமும் வீட்டைவிட்டுப் போகக்கூடாது.

2. ஆவணி, புரட்டாசி: கூரைக்கு வெளியே கிடப்பவை. டயர், சிரட்டை, பானை, பிளாஸ்டிக் டப்பா, கூரைமேல் கிடக்கும் சாமான், அடைபட்ட மழைநீர்க் குழாய். தரையில் கிடக்கும் பழமரமும் அட்டைப் பெட்டியும் இதில் சேரும். மழைக்குப் பின் ஈசல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை புதுப் புற்றுக்கு இடம் தேடும் கறையான்களே. இத்துப்புரவுக்கு நாளும் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. ஆயுத பூஜை செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ, பருவமழைக்குச் சற்று முன்பாகவோ ஒட்டியோ வருகிறது. கருவிகளைத் துடைக்கும் அவ்வாரத்திலேயே கொல்லையையும் துடைத்துவிடலாம்.

3. மார்கழிக் கடைசி: வீட்டின் உட்புறம். வெள்ளையடித்தல், ஒட்டடை, நனைந்த பாய், துணி. பயன்படும் துணியை இல்லாதவர்க்குக் கொடுக்கலாம். இரும்பும் பிளாஸ்டிக்கும் பழைய இரும்புக் கடைக்குச் செல்லட்டும். தெருவில் டயரும் பிளாஸ்டிக்கும் எரிய வேண்டாம்.

முடிவுரை

இந்தக் கல்வியாண்டில் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் அப்பாவும் நானும் கிணற்றடி டயர்கள் அனைத்தையும் பழைய டயர் வாங்குபவரிடம் ஏற்றி அனுப்பினோம். கடைக்குத் தேவையான நான்கைக் கூரைக்குள் வைத்தோம். ஒன்றில் ஓட்டை போட்டு மரத்தில் ஊஞ்சலாகக் கட்டினோம், தங்கை ஆடுகிறாள். கார்த்திகையில் அதே பணியாளர் வந்து பார்த்தார். பழைய ஆட்டுக்கல்லின் குழியில் மட்டும் புழு இருந்தது. அதை நாங்கள் மறந்துவிட்டோம். “அடுத்த வருசம் அதுவும் இருக்காதும்மா” என்றார் அப்பா. அன்றே அதைக் கவிழ்த்தோம்.

போகிக்கு முந்தைய நாள் வழக்கம்போலப் பிள்ளைகள், “மாமா, டயர்?” என்று வந்து நின்றார்கள். அப்பா சற்றுத் தடுமாறினார். பிறகு எல்லாருக்கும் சைக்கிள் சக்கரத்துக்கு இலவசமாகக் காற்றடித்துக் கொடுத்தார். அம்மா மட்டும் தேய்ந்த துடைப்பம் ஒன்றை எரித்தே தீருவேன் என்றார். வெயில் ஏறிய பின் வாசலில் எரித்தார். அதை நான் தடுக்கவில்லை.

பழையன கழிய வேண்டும்; ஐயமில்லை. எதை, எப்போது, எப்படிக் கழிப்பது என்று அறிந்து கழிப்பதே அறிவு. நம்மில் பலர் எங்கள் குடும்பம் போலவே முதன்முதலாகக் கல்லூரி வந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள். அவ்வீடுகளில் படித்துப் பார்க்க இருப்பவர் நாம் ஒருவரே. இவ்விடுமுறையில் ஊருக்குச் சென்றதும், நண்பர்களே, முதலில் அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். புரட்டாசி வந்ததும் கொல்லைப்புறம் செல்லுங்கள்.